பழைய பீர் தட்டு, பாட்டில், டின்: ஒரு வட்டார ஆலையின் வரலாற்றைச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

மதுக்கடைகளில் கோப்பைகளை ஏந்தி வர ஆலைகள் தந்த விளம்பரத் தகரத் தட்டுதான் பீர் தட்டு. பழைய தட்டு ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் நடுவில் இருக்கும் படத்தைத்தான் பார்ப்பார்கள். தொப்பி போட்ட பெண், நுரை பொங்கும் கோப்பை, சிறகு விரித்த கழுகு. நான் விளிம்பைப் பார்ப்பேன். படம் முடிந்து தகரம் மடங்கும் இடத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஒரு பொடி எழுத்து வரி இருக்கும். என்னிடம் உள்ள ஒரு தட்டில் அந்த வரி 'அமெரிக்கன் ஆர்ட் ஒர்க்ஸ், கோஷாக்டன், ஒஹையோ' என்கிறது. தகரத்தில் படம் அச்சடித்துக் கொடுத்த கம்பெனியின் பெயர் அது. அந்தக் கம்பெனி இந்தப் பெயருக்கு மாறியது 1909-ல். அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு 1920 ஜனவரியில் தொடங்கியது, பீர் திரும்பி வந்தது 1933 ஏப்ரலில். தட்டில் பெயர் உள்ள ஆலையோ மதுவிலக்கோடு மூடி, பிறகு திறக்கவே இல்லை. அப்படியானால் தட்டு 1909-க்கும் 1920-க்கும் நடுவில் வந்தது. விற்றவர் ஒட்டியிருந்த சீட்டில் '1890கள்' என்று எழுதியிருந்தது.

பீர் ஆலைப் பழம்பொருட்களைச் சேகரிப்பதில் எனக்கு உள்ள ஆசை முழுக்க இந்த இடத்தில்தான். ஒவ்வொரு பொருளும் ஒரு ஆவணம். அதில் சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது, கண்ணாடித் தொழிலும் அச்சுத் தொழிலும் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தால் ஆலையின் வரலாற்றைப் பொருள் சொல்லும். வரலாறு தெரிந்தால் பொருளின் வயதை அது சொல்லும். இரண்டையும் ஒன்றோடு ஒன்று உரசிப் பார்க்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்தவை. நான் அதிகம் தேடியது அந்தப் பக்கத்துப் பொருட்களைத்தான்.

முதல் படி: ஒரே ஒரு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள்

கண்ணில் படுவதையெல்லாம் வாங்கினால் இரண்டே வருடத்தில் வீடு நிறையும், மனது நிறையாது. ஒரு ஆலை, அல்லது ஒரு மாவட்டம் என்று வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் வட்டார ஆலையாகப் பாருங்கள். நாடு முழுக்க விற்ற பெரிய பிராண்டுகளின் பொருட்கள் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை, அவற்றைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் பீர் விற்ற சின்ன ஆலை அப்படியில்லை. அதன் தட்டும் பாட்டிலும் அந்த ஊரைச் சுற்றியே கிடக்கும், அதன் கதையும் பாதிதான் எழுதப்பட்டிருக்கும். மீதிப் பாதியை நீங்கள் எழுதலாம்.

ஆலைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1873-ல் அமெரிக்காவில் 4,131 பீர் ஆலைகள் இருந்தன. 1978-ல் மிஞ்சியவை 89. இடைப்பட்ட நூறு வருடத்தில் மூடிய ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பரணில் ஒரு பாட்டிலையாவது விட்டுப் போயிருக்கிறது.

மூடிய ஆலையா, இன்றும் நடக்கும் ஆலையா? மூடிய ஆலை என்றால் பட்டியலுக்கு ஒரு முடிவு உண்டு, புதிதாக எதுவும் வராது. நடக்கும் ஆலை என்றால் வருடாவருடம் புதுப் பொருள் வந்துகொண்டே இருக்கும், அவற்றில் பாதி பழைய பாணியில் அச்சடித்ததாக இருக்கும். தொடக்கத்தில் அது குழப்பும். ஆனால் ஆவணங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கும், கேட்டால் பதில் சொல்ல ஆட்களும் இருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது நடக்கும் ஆலையை: பாட்ஸ்வில் ஊரின் யிங்லிங்.

இரண்டாம் படி: வாங்கும் முன் ஆலையின் காலக்கோட்டை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடது பக்கம் வருடம், வலது பக்கம் நடந்தது. ஆலையின் பெயர் எப்போது மாறியது, முகவரி எப்போது மாறியது, முதலாளி யார், என்னென்ன பெயரில் பீர் விற்றார்கள், எப்போது நின்றது. இந்த ஐந்தும் தெரிந்தால் பெரும்பாலான பொருட்களின் வயதை ஊகித்துவிடலாம்.

யிங்லிங்கின் காலக்கோட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எதை எப்படிக் குறித்துக்கொள்வது என்பது அதிலேயே தெரியும்.

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியிலிருந்து வந்த டேவிட் காட்லீப் யுங்லிங் என்பவர் 1829-ல் பாட்ஸ்வில்லில் 'ஈகிள் புரூவரி' என்ற பெயரில் ஆலை தொடங்கினார். யுங்லிங் என்ற ஜெர்மன் சொல்லுக்கு இளைஞன் என்று பொருள். ஆங்கிலம் பேசும் ஊரில் எழுத்தும் உச்சரிப்பும் மாறி யிங்லிங் ஆனது. அமெரிக்காவில் இன்றும் இயங்கும் பீர் ஆலைகளில் மிகப் பழையதன் பெயர் இளைஞன் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். பாட்ஸ்வில் இருப்பது ஸ்கூல்கில் மாவட்டத்தில், ஆந்த்ரசைட் நிலக்கரி வெட்டும் மலைப்பகுதியில். சுரங்கத் தொழிலாளிகள்தான் வாடிக்கையாளர்கள்.

1831-ல் முதல் கட்டடம் தீயில் போனது. ஆலை மஹன்டோங்கோ தெருவின் மலைச்சரிவுக்கு இடம் மாறியது. சரிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: குளிர்சாதன எந்திரம் வராத காலத்தில் பீரைக் குளிர்ச்சியாக வைக்க மலையைக் குடைந்து குகை வெட்டினார்கள். அந்தக் குகைகள் இன்றும் இருக்கின்றன, ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனால் உள்ளே கூட்டிப் போவார்கள்.

1873-ல் மகன் ஃபிரெடெரிக் பங்காளியானார். நிறுவனத்தின் பெயர் 'டி. ஜி. யிங்லிங் அண்ட் சன்' ஆனது. இதை நோட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள். ஒரு பொருளில் 'அண்ட் சன்' இருந்தால் அது 1873-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஆனால் அந்தப் பெயர் இன்றுவரை தொடர்வதால், அதை மட்டும் வைத்துக்கொண்டு பழையது என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு பெயர் எந்தப் பக்கத்தை அடைக்கிறது, எந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கிறது என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கண்ணி இங்கேயே இருக்கிறது. டேவிட்டின் மூத்த மகன், அவரும் டேவிட், தனியே போய் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் 'ஜேம்ஸ் ரிவர் ஸ்டீம் புரூவரி'யை நடத்தினார், நியூயார்க்கிலும் தன் பெயரில் ஆலை வைத்திருந்தார். 'டி. ஜி. யிங்லிங் ஜூனியர், நியூயார்க்' என்று புடைப்பெழுத்து உள்ள பாட்டிலைப் பாட்ஸ்வில் பாட்டில் என்று நினைத்து வாங்கிவிட்டு வருந்துபவர்கள் உண்டு. குடும்பம் ஒன்று, ஆலை வேறு. ஊர்ப்பெயரைப் படிக்காமல் குடும்பப் பெயரை நம்பக்கூடாது.

ஃபிராங்க் யிங்லிங் 1899-ல் பொறுப்புக்கு வந்து 1963 வரை நடத்தினார். மதுவிலக்கைச் சமாளித்தது அவர்தான். 1920-க்குப் பிறகு அரை சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் கொண்ட 'நியர் பீர்' மட்டுமே சட்டப்படி விற்கலாம். யிங்லிங் மூன்று பெயர்களில் அதை விற்றது: யிங்லிங் ஸ்பெஷல், போர்-டோர், ஜூவோ. இந்த மூன்றில் ஒன்று லேபிளில் இருந்தால் உங்கள் கையில் இருப்பது மதுவிலக்குக் காலத்துத் துண்டு. கூடவே தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு பால்பண்ணை ஆலையும் தொடங்கி ஐஸ்கிரீம் விற்றார்கள். அது 1985 வரை நடந்தது.

1933-ல் பீர் திரும்பியபோது 'வின்னர் பீர்' என்று ஒன்றை வெளியிட்டு, ஒரு லாரி நிறைய வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள் என்பது ஆலையில் பெருமையோடு சொல்லும் கதை. வின்னர் லேபிள் ஒன்று கையில் வந்தால் அதை 1933-க்கு முன் வைக்க வழியே இல்லை.

அப்புறம் நெடுங்காலம் கஷ்டம். தொலைக்காட்சி விளம்பரத்தோடு வந்த தேசிய பிராண்டுகள் நிலக்கரி ஊர்களின் ஆலைகளை ஒவ்வொன்றாக விழுங்கின. மஹனாய் சிட்டியின் கையர்ஸ், பாட்ஸ்வில்லுக்குப் பக்கத்திலேயே இருந்த மவுண்ட் கார்பன் எல்லாம் போய்விட்டன. மவுண்ட் கார்பனின் 'பவேரியன்' பிராண்டை யிங்லிங் எடுத்துக்கொண்டது. அதனால் பவேரியன் டின்னைப் பார்த்தால் அடியில் எந்த ஆலையின் பெயர் என்று பாருங்கள், இரண்டு விதமும் உண்டு. 1985-ல் ஐந்தாம் தலைமுறை டிக் யிங்லிங் தன் தந்தையிடமிருந்து ஆலையை வாங்கினார். 1987-ல் வந்த 'லாகர்' என்ற பீர்தான் ஆலையைத் தூக்கி நிறுத்தியது. 1999-ல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஒரு ஆலையை வாங்கினார்கள். டின்னில் டாம்பா என்று இருந்தால் அது சேகரிப்பில் புதுசு, பழசில்லை.

இப்படி ஒரு காலக்கோட்டை எங்கிருந்து எடுப்பது? மூடிய ஆலை என்றால் அந்த ஊரின் பழைய முகவரிப் புத்தகங்கள், செய்தித்தாள்கள், ஆலையின் தலைப்புத்தாள், ரசீது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக 1867 முதல் ஊர் ஊராக வரைந்தவை. ஆலையின் எந்தக் கட்டடம் செங்கல், எது மரம், பனிக்கட்டி அறை எங்கே, குதிரை லாயம் எங்கே என்பது வரை இருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பலவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரே ஊரின் இரண்டு வருட வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆலை வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாம் படி: எல்லா ஆலைக்கும் பொதுவான தேதிக்கோடுகள்

இவை உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை.

பீருக்கு மத்திய அரசு வரி 1862-ல் வந்தது. 1866 முதல் ஒவ்வொரு பீப்பாயிலும் வரிவில்லை ஒட்ட வேண்டும். அந்த வில்லைகளே தனிச் சேகரிப்பு.

தகர மூடி, அதாவது இன்றும் சோடா பாட்டிலில் இருக்கும் பல் வைத்த மூடி, 1892-ல் பால்டிமோரின் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றது. உட்புறம் தக்கை வில்லை இருந்தால் பழைய மூடி, பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் பிற்காலம்.

1933 ஏப்ரல் 7 அன்று எடையில் 3.2 சதவீத ஆல்கஹால் வரையுள்ள பீருக்கு அனுமதி கிடைத்தது. அந்த வருடம் டிசம்பர் 5-ல் மதுவிலக்கே நீங்கியது.

1935 ஜனவரி 24 அன்று ரிச்மண்டில் க்ரூகர் பீர் முதல் தடவையாக டின்னில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்திய பீர் டின் என்று யாராவது சொன்னால் மரியாதையாக நகர்ந்துவிடுங்கள்.

'இன்டர்னல் ரெவென்யூ டாக்ஸ் பெய்டு', அதாவது உள்நாட்டு வரி கட்டியாயிற்று என்ற வாசகம் லேபிளிலோ டின்னிலோ இருந்தால் 1935-க்கும் 1950 மார்ச்சுக்கும் இடைப்பட்டது. சேகரிப்பவர்களுக்கு இந்த வாசகம் தங்கம். அச்சடித்த தகட்டை உடனே மாற்றாமல் சில மாதம் தள்ளிப் பயன்படுத்தியிருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

போர்க்காலத்தில், 1942 முதல், தகரத் தட்டுப்பாட்டால் பொதுமக்களுக்கு டின் பீர் நின்றது. ராணுவத்துக்கு மட்டும் ஆலிவ் பச்சை நிற டின்கள் போயின. 1947-ல்தான் டின் கடைக்குத் திரும்பியது.

1962-ல் பிட்ஸ்பர்க்கின் அயர்ன் சிட்டி பீர் இழுத்துக் கிழிக்கும் மூடியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. டின்னோடு ஒட்டியே இருக்கும் மூடி 1975-ல் லூயிவில்லின் ஃபால்ஸ் சிட்டி ஆலையிலிருந்து வந்தது. இரண்டுமே வட்டார ஆலைகள் என்பதைக் கவனியுங்கள். பெரிய மாற்றங்களைப் பெரிய கம்பெனிகள்தான் முதலில் செய்தன என்ற நினைப்பு இந்தத் தொழிலில் அடிக்கடி தவறிப்போகும்.

முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் 1963 ஜூலைக்குப் பிறகுதான். கர்ப்பிணிகளும் வாகனம் ஓட்டுபவர்களும் குடிக்கக் கூடாது என்ற அரசு எச்சரிக்கை வாசகம் 1989 நவம்பரிலிருந்து கட்டாயம்.

இந்தக் கோடுகளையும் ஆலையின் காலக்கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்று போட்டால் இரண்டும் சேரும் இடம்தான் பொருளின் வயது.

நான்காம் படி: பொருளைக் கையில் எடுத்துப் படிப்பது

பாட்டிலில் தொடங்குவோம், அதில்தான் விரலுக்கு வேலை அதிகம். பாட்டிலைப் படுக்கவைத்து, பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோட்டை, அதாவது கண்ணாடி அச்சின் பாதிகள் சேர்ந்த கோட்டை, கட்டைவிரல் நகத்தால் அடியிலிருந்து மேலே தடவிப் போங்கள். நகம் கோட்டில் தட்டித் தட்டிப் போகும். கழுத்தில் ஓரிடத்தில் கோடு மறைந்து வழவழப்பானால், வாயை ஆள் கையால் செய்து முடித்திருக்கிறார். கோடு வாயின் மேல் விளிம்பு வரை ஏறினால் அது எந்திரத்தில் பிறந்த பாட்டில். மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி எந்திரம் வந்தது 1903-ல். அது எல்லா ஆலைக்கும் பரவப் பத்துப் பதினைந்து வருடம் ஆனது.

இப்போது வாயைப் பாருங்கள். தடித்த உருண்டை வாய், கம்பி மாட்டும் குழி என்றால் கம்பியால் இறுக்கும் மூடிக்காகச் செய்தது. அந்த மூடி 1875-லிருந்து. தகர மூடிக்கான மெல்லிய வளையம் என்றால் 1892-க்குப் பிறகு. தகர மூடிக்கான வாய், ஆனால் அச்சுக்கோடு கழுத்திலேயே நின்றுவிடுகிறது. இப்படி ஒரு பாட்டில் கிடைத்தால் பெரும்பாலும் 1890களின் நடுவிலிருந்து 1910களின் நடுவுக்குள் வரும். ஒரு எழுத்துகூடப் படிக்காமல் இருபது வருட இடைவெளிக்கு வந்துவிட்டோம், நகத்தை மட்டும் வைத்து.

அப்புறம்தான் எழுத்து. ஆலைப்பெயரும் ஊர்ப்பெயரும் ஒரு வட்டத்துக்குள் புடைத்திருந்தால், பொது அச்சில் ஆலையின் தனித் தகட்டைச் செருகி ஊதியது. சின்ன ஆலைகளுக்கு அதுதான் மலிவு. 'இந்த பாட்டில் விற்பனைக்கல்ல' என்பது போல எழுதியிருக்கும். பாட்டில் ஆலையின் சொத்து, குடித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று அர்த்தம். அடிப்பகுதியில் கண்ணாடி ஆலையின் குறி இருக்கும். வைரக்கட்டத்தின் மேல் நீள்வட்டமும் அதற்குள் ஆங்கில 'I' எழுத்தும் இருந்தால் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ், அதாவது 1929-க்குப் பிறகு. வலப்பக்கம் உள்ள எண் பெரும்பாலும் வருடத்தின் கடைசி இலக்கம், எந்தப் பத்தாண்டு என்பதை மற்ற அடையாளங்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

ஊதா நிறக் கண்ணாடியைப் பார்த்து மயங்காதீர்கள். மாங்கனீசு சேர்த்த நிறமற்ற கண்ணாடி வெயிலில் பல வருடம் கிடந்தால் இளம் ஊதாவாகும். கதிரியக்கத்தில் வைத்து ஒரே நாளில் அடர் ஊதாவாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். அடர்த்தி கூடக் கூடச் சந்தேகமும் கூட வேண்டும். பீருக்குப் பழுப்புக் கண்ணாடி நிலைத்ததற்குக் காரணம் அழகல்ல. வெளிச்சம் பட்டால், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலுள்ள கசப்புப் பொருட்கள் சிதைந்து நாற்றமடிக்கும், பழுப்பு அதைத் தடுக்கும்.

டின்களுக்கு மூன்று குடும்பம். தட்டை மேற்புறம் உள்ளவை: திறப்பானால் குத்தித் திறக்க வேண்டும். தொடக்க கால டின்களில் எப்படித் திறப்பது என்று படம் போட்டே விளக்கியிருப்பார்கள், யாருக்கும் தெரியாத புதுப்பொருள் அல்லவா. கூம்பு மேற்புறம் உள்ளவை: 1935 செப்டம்பரில் ஷ்லிட்ஸ் தொடங்கியது. பாட்டில் நிரப்பும் பழைய எந்திரத்திலேயே நிரப்பலாம் என்பதால் புது எந்திரம் வாங்க வசதியில்லாத வட்டார ஆலைகள் இவற்றை விரும்பின. 1960 வாக்கில் மறைந்துவிட்டன. மூன்றாவது இழுப்பு மூடி வகை. ஒரு சின்ன ஆலையின் கூம்பு டின் பெரிய ஆலையின் தட்டை டின்னைவிட அதிகம் மதிக்கப்படுவது சாதாரணம்.

தட்டுகளில் ஒரு எச்சரிக்கை. அதே தொப்பிப் பெண் படம் நான்கு ஊர் ஆலைகளின் தட்டுகளில் இருக்கும். போலி என்று பதறாதீர்கள். அச்சகங்கள் பொதுப் படங்களை வைத்துக்கொண்டு ஆலையின் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தன. சொந்தமாகப் படம் வரைவிக்கப் பணம் இருந்த ஆலை தன் கட்டடத்தையே வரையச் சொல்லியிருக்கும், புகைபோக்கி, ரயில், குதிரை வண்டி எல்லாம் உண்மையைவிடப் பெரிதாக. அந்தக் கட்டடப் படத்தை சான்பார்ன் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஓவியர் எவ்வளவு சேர்த்துப் போட்டார் என்று தெரிந்துவிடும்.

காகித லேபிள், கோப்பைக்கு அடியில் வைக்கும் கோஸ்டர் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். லேபிளில் வாசகம்தான் எல்லாம்: வரி, சதவீதம், முகவரி. அட்டைக் கோஸ்டர் ஜெர்மனியில் பிறந்தது, 1880-ல் மக்டபுர்க் பக்கம் தொடங்கி 1892-ல் டிரெஸ்டனில் மரக்கூழில் செய்யும் முறை வந்தது. அமெரிக்காவில் கிடைப்பவை பெரும்பாலும் 1933-க்குப் பிந்தியவை. மலிவு, இடமும் அடைக்காது, புதிதாகத் தொடங்குபவருக்கு நல்லது.

ஐந்தாம் படி: போலியும், வயதைக் கூட்டிச் சொன்னதும்

நான் ஏமாந்த கதை ஒன்று. சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் கழுகு போட்ட ஒரு தகர விளம்பரப் பலகையை '1910' என்று ஒரு வியாபாரி விற்றார். விளிம்பில் துரு, மூலையில் சுருக்கம், மங்கிய பொன்னிறம். வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்குக்கு அடியில் வைத்துக் கடைசி வரியைப் படித்தேன். பாட்ஸ்வில், பென்சில்வேனியா 17901. ஜிப் எண்! 1963-க்குப் பிறகு, பழைய பாணியில் அடித்த பலகை. அது போலி இல்லை, ஆலையின் பெயரில் வந்த பொருள்தான். வயது மட்டும் ஐம்பது வருடத்துக்கு மேல் கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பலகையை இன்னும் வைத்திருக்கிறேன், சரியான தேதிச் சீட்டோடு.

அன்றிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் இல்லாமல் எங்கும் போவதில்லை. லென்ஸில் பழைய கல்லச்சுப் படம் ஒழுங்கற்ற பொடிப் புள்ளிகளாக, நிறம் நிறமாகத் தெரியும். இன்றைய நகலில் நான்கு நிறப் புள்ளிகள் பூப்போல வட்டமாக, கட்டுக்கோப்பாக நிற்கும். அடுத்து தேய்மானம். உண்மையான தேய்மானம் பயன்பட்ட இடத்தில் இருக்கும்: தட்டென்றால் கண்ணாடிக் குவளை உரசிய நடுப்பகுதி, கை பிடித்த விளிம்பு. எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். பலகையைச் சுற்றியுள்ள சட்டத்தில் நான்குமுனைக் குழி வைத்த திருகாணி இருந்தால் 1930களுக்கு முன் கொண்டுபோக முடியாது. பிறகு, 1829 என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அது ஆலையின் பிறந்த வருடம், பொருளின் வருடம் அல்ல.

போலிகளில் கொடுமையானவை, எந்தக் காலத்திலும் இருந்திராத பொருட்கள். பெல்ட் பக்கிள், கைக்கண்ணாடி, பித்தளை வில்லை என்று ஆலையின் பெயரைப் போட்டு யாரோ கற்பனையில் செய்தவை. அசல் இல்லாததால் ஒப்பிடவும் முடியாது. பழைய பட்டியல்களில் ஒன்றுகூட இல்லாத வகை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எங்கே தேடுவது

அந்த ஊருக்கே போவதற்கு ஈடு இல்லை. வீட்டுச் சாமான் ஏலம், பழம்பொருள் கடை, சேகரிப்பவர்கள் கூடும் சந்தை. 1970-ல் செயின்ட் லூயிஸில் பீர் டின் சேகரிப்பவர்கள் தொடங்கிய சங்கம் இன்று எல்லா ஆலைப் பொருட்களுக்குமான சங்கமாகிவிட்டது. கிழக்குக் கடற்கரைக்கென்றும் விளம்பரப் பொருட்களுக்கென்றும் தனிச் சங்கங்கள் உண்டு. ஒன்றில் சேர்ந்து முதல் வருடம் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்பேன். நூறு அசல் தட்டுகளைக் கையில் தொட்டவருக்குப் போலியை விரலே காட்டிக்கொடுக்கும்.

விலையைப் பற்றி ஒன்றே ஒன்று: கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். டின்களை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள், 1 என்றால் புதுசு போல. ஒரு படி இறங்கினாலே மதிப்பு நிறைய இறங்கும்.

பழைய குப்பைமேட்டைத் தோண்டுவதில் தனி இன்பம் உண்டு, ஆபத்தும் உண்டு. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மத்திய அரசு நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருட்களை எடுப்பது 1979-ன் தொல்பொருள் சட்டப்படி குற்றம். நிலக்கரி மாவட்டங்களில் கைவிட்ட சுரங்க வாய்கள் செடிக்கு அடியில் மறைந்திருக்கும், தனியாகப் போகவே போகாதீர்கள். இன்னொன்று, பீர் நிறைந்த பழைய டின்னையோ பாட்டிலையோ அமெரிக்கத் தபாலில் அனுப்பக் கூடாது, காலியாகத்தான் போக வேண்டும்.

ஏழாம் படி: கழுவுவதும் காப்பதும்

நிறைந்த டின் கிடைத்தால் அப்படியே அலமாரியில் வைக்க ஆசை வரும். வேண்டாம். பீர் உள்ளிருந்தே தகரத்தை அரிக்கும், ஒருநாள் கசிந்து பக்கத்து டின்களையும் கெடுக்கும். அடிப்புறத்தில் இரண்டு சிறு துளை போட்டு வடித்து, அலசி, நன்றாகக் காயவிடுங்கள். மேற்புறம் கெடாமல் இருக்கும்.

துருப்பிடித்த டின்னுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் பயன்படுத்துவார்கள். அது விஷம். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி கட்டாயம். உலோகப் பளபளப்பு மைகள் அதில் கரைந்து போகலாம் என்பதால் முதலில் மதிப்பில்லாத டின்னில் பழகுங்கள். தட்டுக்கு அதெல்லாம் கூடவே கூடாது. மென்மையான பஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, ஓரத்தில் ஒரு புள்ளியில் நிறம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லத் துடையுங்கள். காய்ந்ததும் அருங்காட்சியகங்களில் பூசும் மெழுகை மெலிதாகப் பூசினால் போதும். தேய்க்கும் பவுடர், கம்பிநார் எதுவும் அருகில் வரக் கூடாது.

காலி பாட்டிலில் உள்ள லேபிளை எடுக்க நினைத்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுக் காத்திருங்கள், அதுவாகக் கழன்று வர வேண்டும். என்னைக் கேட்டால் பாட்டிலும் லேபிளும் சேர்ந்தே இருக்கட்டும், பிரித்தால் இரண்டுமே பாதி சாட்சிதான். தனி லேபிள்களுக்குப் பிவிசி இல்லாத உறை. செலோடேப், லாமினேஷன் இரண்டும் காகிதத்துக்கு எமன். நேர் வெயில் எதற்கும் ஆகாது, முதலில் வெளுப்பது சிவப்புதான்.

எட்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு

பொருளுக்கு எண் கொடுத்து ஒரு சீட்டு எழுதுங்கள். அளவு, எழுத்து அப்படியே, அச்சகக் குறி, எங்கே யாரிடமிருந்து வந்தது, என்ன வயது, அந்த வயதுக்கு என்ன ஆதாரம். 'நிச்சயம்', 'இருக்கலாம்' என்று இரண்டு கட்டம் வைத்து ஒன்றில் குறியிடுங்கள். ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கிடைத்தால் அவர்கள் சொல்வதையும் அன்றைய தேதியோடு அதிலேயே எழுதுங்கள். பொருள் எங்கும் போகாது, சொல்பவர்கள் போய்விடுவார்கள்.

அலமாரியில் அடுக்கும்போது வகைவாரியாக அடுக்காமல் வருடவாரியாக அடுக்கிப் பாருங்கள். என் அலமாரியின் நடுத்தட்டில் இடமிருந்து வலமாக, நகம் கழுத்தில் நின்றுபோகும் ஒரு பழுப்பு பாட்டில், மதுவிலக்குக் காலத்து நியர் பீர் லேபிள் ஒன்று, அதற்கடுத்து யிங்லிங் பெயர் போட்ட ஐஸ்கிரீம் டப்பா, அப்புறம் வரி வாசகத்தோடு 1940களின் லேபிள். வருபவர்கள் எல்லோரும் ஐஸ்கிரீம் டப்பாவைக் காட்டி, இது ஏன் இங்கே என்றுதான் கேட்கிறார்கள். அங்கிருந்துதான் நான் பேசத் தொடங்குவேன்.